ஆறிய கண்ணில் அடி பட்டால்

கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதம் ஆனதும் கருப்புக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடுகிறது. தலைக்குக் குளிக்கலாம், குனியலாம், அடுப்படிக்குப் போகலாம் என்று தடைகள் விலக, கண் பழையபடி ஆகிவிட்டதாக வீட்டார் நினைக்கிறார்கள். பார்வைக்கு அது பொருந்தும். விழியின் சுவருக்குப் பொருந்தாது. புரையை எடுக்கக் கீறிய இடம் ஆறினாலும், பழைய வலு முழுதாகத் திரும்புவதில்லை. பலமாக அடி விழுந்து கண்ணுக்குள் அழுத்தம் எகிறும்போது, ஒட்டுப்போட்ட துணியைப் போல அந்த இடம்தான் முதலில் பிரியும். ஆபரேஷன் ஆகிப் பல ஆண்டுகள் கழித்தும் இப்படி நடந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

கீறலின் நீளத்தைப் பொறுத்து ஆபத்து கூடும், குறையும். பழைய தையல் முறையில் 10 முதல் 12 மில்லிமீட்டர். இலவச முகாம் நோயாளிகளுக்குப் பரவலாகச் செய்யப்படும் தையலில்லா முறையில் 6, 7 மில்லிமீட்டர். ‘பேகோ’ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய கீறல் பிளந்தால் உள்ளே வைத்த லென்ஸே வெளியே வந்துவிடலாம். சிறிய கீறலும் முழுப் பாதுகாப்பு அல்ல. லென்ஸ் அசையாமல் இருக்க, கண்ணின் நிறத்திரை மட்டும் அந்தத் துளை வழியே பிதுங்கி வெளியேறிய நோயாளிகளும் உண்டு.

முதியவர்களுக்கு இந்த அடி பெரும்பாலும் கீழே விழுவதால்தான் படுகிறது. வழுக்கும் குளியலறை, இருட்டில் கட்டில் முனை. கிராமத்தில் மாட்டுக் கொம்பும் தெறிக்கும் விறகும் சேர்ந்துகொள்ளும். இதைக் கேட்டு ஆபரேஷனையே தள்ளிப்போடுவது தலைகீழான முடிவு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கீழே விழுவது 34 சதவீதம் குறைந்திருந்தது.

அடி பட்டதும் பார்வை மங்கினாலோ, ரத்தம் கட்டினாலோ, கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டாலோ, வெள்ளையில் கறுப்பாக ஏதேனும் துருத்தினாலோ விழி கிழிந்திருக்கலாம். அப்போது கழுவக் கூடாது, கசக்கக் கூடாது, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். ஒரு காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு கண்ணைச் சுற்றிய எலும்பில் மட்டும் படும்படி வைத்து ஒட்டினால் போதும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் காபிகூடக் கொடுக்காமல், கண் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். “காலையில் பார்க்கலாம்” என்று விடும் ஓர் இரவில் கிருமி உள்ளே போய்விடலாம்.

அவசர நிலையில் வருபவரின் உயிர்காப்புச் சிகிச்சையைச் சட்ட நடைமுறைகளைக் காட்டித் தாமதிக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடி பட்ட காயம், அதனால் போலீஸ் கேஸ் என்பது கண்ணைத் தைக்காமல் திருப்பி அனுப்பவும் சாக்காகாது.

கூடவே எடுத்துப் போக வேண்டியது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. எந்த முறை, என்ன பவர் லென்ஸ் என்பது அதில் இருக்கும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி. ஆனால் அதே விதி, உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது. ஐந்தாவது ஆண்டில் விழுந்தவருக்கு வீட்டுப் பீரோவில் உள்ள காகிதம்தான் துணை.

தானாக விழுந்து பிளந்த கண்ணுக்காக, ஆபரேஷன் செய்த மருத்துவர்மீது வழக்குப் போட்டால் அநேகமாக நிற்காது. அடி பட்டதைச் சொல்லியும் சோதிக்காமல் சொட்டு மருந்து எழுதி அனுப்பியிருந்தால் கதை வேறு. கட்டணச் சிகிச்சை என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் இடங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்ததால், அங்கே சிவில் நீதிமன்றம்தான் வழி. வேலையினால் ஏற்பட்ட காயம் என்றால் இழப்பீடு கேட்கலாம்; 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. ஒரு கண்ணின் பார்வை போனால், மற்றது நன்றாக இருந்தாலும், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று 1923 சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.