பாரம் ஏற்றாமலே ஒரு தகைவு: அளந்த எண்ணை நம்பலாமா?



வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டை ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். நெருப்பில் விரிந்த பட்டை ஆறியதும் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. ஆனாலும் பட்டையில் இழுவிசை, மரத்தில் அமுக்கம். வெல்டிங், கிரைண்டிங், குவெஞ்சிங் செய்த உறுப்புகளிலும் இப்படித்தான் 'எஞ்சிய தகைவு' ஒளிந்திருக்கிறது. அமுக்கம் இருக்கிறது என்று நம்பிய இடத்தில் இழுவிசை இருந்தால், விரிசல் சீக்கிரமே கிளம்பிவிடும்.

இதை நேராக அளக்க எந்த மீட்டரும் கிடையாது. நாம் அளப்பது திரிபைத்தான். தகைவு அதிலிருந்து போடும் கணக்கு. தவறு நுழைவதும் அங்கேதான் என்பேன்.

துளை முறை: 1934-இல் மாத்தர் காட்டிய வழி. மூன்று ஸ்ட்ரெயின் கேஜ்களுக்கு நடுவே சிறு துளை போட்டு, விடுபடும் திரிபை அளக்கிறோம். துளையின் மையம் விலகினாலே எண் மாறும். தகைவு யீல்டு அளவை நெருங்கினால், துளையின் ஓரம் பிளாஸ்டிக் நிலைக்குப் போய், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

எக்ஸ் கதிர் முறை: ஸ்டீலில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். பளபளப்பாக இருக்கட்டுமே என்று எமரி தாளால் தேய்த்தால், நாம் தேய்த்த தேய்ப்பையே அளந்துவிட்டு வருவோம்!

நியூட்ரான் முறை: ஸ்டீலுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் போகும். ஆனால் தகைவே இல்லாதபோது அணு அடுக்குகளின் இடைவெளி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினால், மூன்று திசையும் சேர்ந்து சுமார் 50 மெகாபாஸ்கல் தவறு வரும். வெல்டிங்கில் உலோகக் கலவையே இடத்துக்கு இடம் மாறுவதால் சிக்கல் இன்னும் அதிகம்.

அப்படியானால் சரிபார்ப்பது எப்படி? விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துத்தான். வாமாஸ் என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சியில், அலுமினிய வளையத்துக்குள் அலுமினியக் கட்டையைச் சுருக்கிப் பொருத்தி, பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் அளந்தார்கள். நம்ம ஊர் வண்டிப் பட்டைத் தத்துவமேதான்!

இரண்டு முறைகளில் இரண்டு எண் வந்தால், உடனே ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். ஒன்று தோலைப் பார்க்கிறது, மற்றது சதையைப் பார்க்கிறது.

நாளை வேலையில் சேர்ந்து, "200 மெகாபாஸ்கல்" என்று ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆழத்தில்? எந்தத் திசையில்? கூட்டல் கழித்தல் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.