டாஸ்க் மேனேஜரே திறக்கவில்லையா?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். டாஸ்க் மேனேஜர் திறக்க மறுத்தால்தான் எனக்குச் சந்தேகம் தட்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறோம். ‘நிர்வாகி முடக்கிவைத்திருக்கிறார்’ என்று ஒரு பெட்டி வருகிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி யார்? நாம்தானே! நாம் கை வைக்கவில்லை என்றால், ஏதோ வைரஸ் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து ‘டிசேபிள் டாஸ்க் மேனேஜர்’ என்கிற மதிப்பை 1 ஆக்கியிருக்கலாம்.

சில வைரஸ்கள் புரோகிராமின் பெயரைப் பார்த்தே அதை மூடிவிடும். ரெஜிஸ்ட்ரி எடிட்டர் மின்னி மறைகிறதா? அதன் பிரதி ஒன்றுக்கு வேறு பெயர் வைத்துத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் திருடன் உள்ளேதான் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவசரப்பட்டு அந்த 1-ஐ 0 ஆக்காதீர்கள், வைரஸ் மறுபடி மாற்றிவிடும். முதலில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாகக் கிளம்புமுன்பே தேடுவதால், வைரஸுக்கு ஒளிய நேரமிருக்காது.

அந்த எச்சரிக்கைப் பெட்டியே வராமல் டாஸ்க் மேனேஜர் சும்மா கிடந்தால் கதை வேறு. புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கிப் பாருங்கள். அதில் திறந்தால் பழைய கணக்கில்தான் கோளாறு. அதிலும் திறக்கவில்லையா? சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். அவற்றைச் சரிசெய்யும் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி கட்டளைகளை ஓட்டுங்கள். ‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்பவரிடம் அதற்கப்புறம் போனால் போதும்.