வீட்டு வாசல் வழியே ஒரு மைதானம்

கால்பந்தாட்டத்தில் உங்களுக்கு நாட்டமில்லாமல் இருக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து நள்ளிரவில் கூச்சலிடும்போது எரிச்சலும் கொண்டிருக்கலாம். எனினும் இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையுடன் படியுங்கள். இது கோல்களைப் பற்றியது மட்டுமன்று. கடனில் மூழ்கிக் கரையேறிய ஒரு கழகத்தின் கதை.

லண்டன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் லூட்டன் என்னும் ஊர் உள்ளது. முற்காலத்தில் அங்கே தொப்பி செய்வதே பெருந்தொழில். ஆகவே 1885இல் தோன்றிய லூட்டன் டவுன் கழகத்தை இன்றும் 'தொப்பிக்காரர்கள்' என்றே அழைக்கின்றனர். கழகத்தின் மைதானமான கெனில்வொர்த் ரோட், பெரி பார்க் என்னும் பகுதியில் இருக்கிறது. பாகிஸ்தான், காஷ்மீர், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் நிறைந்து வாழும் பகுதி அது. ஹலால் இறைச்சிக் கடைகளும் துணிக்கடைகளும் பள்ளிவாசல்களும் அங்கே அருகருகே உள்ளன. நம்மவர் ஒருவர் அத்தெருவில் நடந்தால் அந்நிய நாட்டில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றாது.

1905ஆம் ஆண்டு முதல் கழகம் ஆடிவரும் மைதானம் அது. வெளியூர் ரசிகர்கள் உள்ளே செல்லும் வழி ஓக் ரோட்டில் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை வீடுகளின் கீழ்த்தளத்தை ஊடுருவிச் செல்லும் வழி அது! அதில் நுழைந்து இரும்புப் படிகளில் ஏறினால், இருபுறமும் வீடுகளின் கொல்லைப்புறங்கள் தெரியும். கொடியில் உலரும் துணிகளும் தெரியும். அவற்றைக் கடந்த பிறகே பச்சைப் புல்வெளி கண்ணில் படும். மைதானத்தில் 2023 வரை இடமோ பத்தாயிரத்துச் சில்லறைப் பேருக்கு மட்டுமே இருந்தது.

இனி அந்நாட்டு முறையைச் சொல்லிவிடுகிறேன். பணமும் புகழும் கொழிக்கும் பிரிமியர் லீக் முதல் பிரிவு. அதற்கு அடுத்தது சாம்பியன்ஷிப். அதில் 24 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 46 ஆட்டங்கள் ஆட வேண்டும். முதலிரண்டு இடங்களைப் பெறுபவை நேரே மேலே செல்லும். 2022-23 பருவத்தில் மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களைப் பெற்ற நான்கும் தமக்குள் மோதி, வென்ற ஒன்று மட்டும் மேலே ஏறியது.

லூட்டன் ஒரு காலத்தில் முதல் பிரிவில்தான் ஆடியது. 1992இல், பிரிமியர் லீக் தொடங்குவதற்குச் சற்று முன்பாகத் தரமிறங்கியது. அதன் பின் வந்தது கடன். 1999, 2003, 2007 என மூன்று முறை கழகம் திவாலின் விளிம்புக்குப் போய், நிர்வாகம் வெளியாரின் பொறுப்பில் விடப்பட்டது. பழைய நிர்வாகத்தின் முறைகேடுகளுக்கும், கடன்காரர்களுடன் உரிய உடன்பாடு செய்துகொள்ளாததற்கும் தண்டனையாக 2008-09 பருவத்தில் 30 புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஓர் ஆட்டத்தில் வென்றால் மூன்று புள்ளி. ஆகவே பத்து வெற்றிகளை இழந்த நிலையில் அப்பருவத்தைத் தொடங்கினார்கள்! தவறு செய்தவர்கள் வேறு, அதன் சுமையைத் தாங்கியவர்கள் வேறு. நான்காம் பிரிவிலிருந்தும் வீழ்ந்து, ஐந்தாண்டுகள் லீக்குக்கு வெளியே கிடந்தது கழகம்.

அந்நிலையில் அதனை ஏற்று நடத்த முன்வந்தவர்கள் பெருஞ்செல்வச் சீமான்கள் அல்லர். கழகத்தின் ரசிகர்களே கூட்டாகச் சேர்ந்தனர். வரவுக்குள் செலவு செய்வது என்று முடிவெடுத்தனர். அணியின் சட்டையில் சூதாட்ட நிறுவனங்களின் பெயரைத் தாங்குவதில்லை என்றும் உறுதி பூண்டனர். அக்கழகங்கள் பலவற்றிற்குச் சூதாட்டப் பணம் எளிதில் கிடைக்கும் வருமானம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை உங்களுக்குப் புரியும். 2014, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாக ஏறிச் சாம்பியன்ஷிப்பை அடைந்தனர்.

2022-23 பருவமே நம் கதையின் உச்சம். நவம்பர் மாதத்தில், அணியை வளர்த்தெடுத்த பயிற்றுநர் நாதன் ஜோன்ஸ், பிரிமியர் லீக்கின் சவுத்தாம்ப்டன் கழகம் அழைக்கவே விட்டுச் சென்றார். அவர் லூட்டனை விட்டுச் செல்வது அது இரண்டாம் முறை! அவர் இடத்துக்கு ராப் எட்வர்ட்ஸ் வந்தார். லூட்டனின் பரம எதிரியான வாட்ஃபோர்டு கழகம் ஐந்து மாதங்கள்கூட நிறைவதற்கு முன்பே பணிநீக்கம் செய்த மனிதர் அவர். எதிரி வேண்டாமென்று ஒதுக்கியவரை வாழ்த்தி வரவேற்பதில் சில ரசிகர்களுக்குத் தயக்கம் இருந்திருக்கலாம். 2023 ஏப்ரல் முதல் தேதி, அதே வாட்ஃபோர்டை 2-0 என்று வென்றபோது அத்தயக்கம் எஞ்சியிருக்க வழியில்லை.

பிப்ரவரி இறுதியிலிருந்து லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. கார்ல்டன் மோரிஸ் 20 கோல்கள் அடித்தார். 80 புள்ளிகளுடன் மூன்றாமிடம் கிடைத்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சண்டர்லாந்திடம் 1-2 என்று தோற்றாலும், சொந்த மைதானத்தில் 2-0 என்று வென்று இறுதியை எட்டினார்கள்.

மே 27, வெம்பிளி மைதானம். எதிரே கவன்ட்ரி. பார்வையாளர்கள் 85 ஆயிரத்துக்கும் மேல். வெற்றியின் மதிப்பு குறைந்தது 17 கோடி பவுன் என்று கணக்கிட்டிருந்தனர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், அருகில் யாரும் இல்லாதபோதே அணித்தலைவர் டாம் லாக்யர் தரையில் சாய்ந்தார். இதயக் கோளாறு. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். தலைவனை இழந்த அணி கலங்கியிருக்கும். ஆயினும் ஜோர்டன் கிளார்க் கோல் அடித்து முந்தினார். பிற்பகுதியில் கவன்ட்ரியின் குஸ்தாவோ ஹேமர் ஈடு செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டவில்லை. பெனால்ட்டி உதைகளில் இரு அணியினரும் ஐந்தையும் தவறாமல் அடித்தனர். ஆறாவதை லூட்டனின் டான் பாட்ஸ் அடித்தார்; கவன்ட்ரியின் ஃபன்கட்டி டாபோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அவ்விளைஞருக்காகவும் நம் உள்ளம் இரங்குகிறது.

31 ஆண்டுகளுக்குப் பின் லூட்டன் முதல் பிரிவுக்குத் திரும்பியது. 2013இல் லீக்குக்கு வெளியே இருந்த அணியில் சேர்ந்த பெல்லி ரடக் எம்பான்ஸூ, அதே கழகத்துக்காக ஆடியே பிரிமியர் லீக் வரை உயர்ந்த முதல் ஆட்டக்காரரானார். விதிகளுக்கு ஏற்ப அரங்கின் ஒரு பக்கத்தை அவசரமாகத் திருத்திக் கட்ட வேண்டியிருந்ததால், சொந்த ஊரில் நடக்கவேண்டிய முதல் ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது.

ஓராண்டே அங்கு நீடித்தனர். 2023 டிசம்பரில் போர்ன்மவுத் மைதானத்தில் லாக்யர் மீண்டும் விழுந்தார். இம்முறை அவர் இதயம் 2 நிமிடம் 40 விநாடி நின்றே போயிற்று. மருத்துவர்கள் அவரை மீட்டனர், ஆட்டம் கைவிடப்பட்டது. அப்பருவத்தில் 18ஆம் இடம் பெற்றுத் தரமிறங்கிய லூட்டன், 2024-25இல் சாம்பியன்ஷிப்பிலிருந்தும் இறங்கி மூன்றாம் பிரிவுக்கு வந்தது.

ஆனால் இம்முறை இறங்கியபோது, 2008இல் போலத் திவாலாகி இறங்கவில்லை. மூன்றாம் பிரிவு ஆட்டங்களைக் காண வந்த வெளியூர் ரசிகர்களும் ஓக் ரோட்டில் அந்த வீடுகளுக்கு ஊடாகவே நுழைந்து, கொடியில் உலரும் துணிகளைப் பார்த்தபடியே படியேறினார்கள்.