கைமாறி வரும் தாய்ப்பால் பம்ப்: எதை ஏற்கலாம், எதை ஒதுக்கலாம்?

தொட்டில், பாலாடை, குழந்தைச் சட்டை எல்லாம் அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போவது பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலம், மேல்மங்கலம் போன்ற ஊர்களுக்குப் புதிதல்ல. அந்த வரிசையில் இப்போது தாய்ப்பால் எடுக்கும் பம்பும் சேர்ந்து வருகிறது. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்புக்கு வழிசெய்தது. ஆனால் தோட்டக் கூலிக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த விடுப்பு நடைமுறையில் எட்டுவதில்லை. சீக்கிரமே வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்குப் பம்ப் உதவும். மோட்டார் பம்போ சில ஆயிரம் ரூபாய். அதனால் பழையதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை என்று தோன்றுவது இயல்பு. பால் படக்கூடிய இடமெல்லாம் கழற்றிக் கொதிக்கவைக்க முடிகிறதா என்பதே இதில் முடிவெடுக்க உதவும் முக்கியக் கேள்வி.

பால் எதுவரை போகிறது?

மார்பில் பொருத்தும் புனல், வால்வு, பால் சேரும் பாட்டில், மெல்லிய குழாய், அதன் மறுமுனையில் மோட்டார். வீட்டுப் பயன்பாட்டு மின்பம்புகளில் பெரும்பாலும் இவ்வளவுதான். புனலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்புச் சவ்வு இருந்தால் பால் அந்தப் பக்கம் போகாது. இதை ‘குளோஸ்டு சிஸ்டம்’ என்பார்கள். சவ்வு இல்லாத ‘ஓப்பன் சிஸ்டம்’ பம்பில், பாலின் நுண்துளிகளும் ஈரமும் காற்றோடு சேர்ந்து குழாய் வழியே மோட்டாருக்குள் போகலாம். பழைய பம்பின் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நீர்த்துளிகளோ வெள்ளைத் திட்டோ கரும்புள்ளியோ தெரிந்தால் ஈரம் எதுவரை போயிருக்கிறது என்பது விளங்கிவிடும். கரும்புள்ளி பூஞ்சையாக இருக்கலாம். குழாயைப் புதிதாக மாற்றலாம். மோட்டாரின் உட்புறத்தைக் கழுவவும் முடியாது, கொதிக்கவைக்கவும் முடியாது.

இதனால்தான் ஒருவர் மட்டும் பயன்படுத்தவென்று விற்கப்படும் பம்பை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. புதிய புனலும் குழாயும் வாங்கிப் போட்டாலும் இந்த எச்சரிக்கை மாறுவதில்லை. ‘ஹாஸ்பிடல் கிரேடு’ என்ற விளம்பரச் சொல்லையும் நம்பிவிட வேண்டாம், அதற்கு எஃப்.டி.ஏ.வில் வரையறை எதுவும் இல்லை. பலர் பயன்படுத்தத் தக்கது என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

ஆதாரம் என்ன சொல்கிறது?

2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையைக் க்ரோனோபாக்டர் என்ற கிருமி கடுமையாகத் தாக்கியது. தேடிப் பார்த்தபோது அதே கிருமி தாயின் பம்பிலும் இருந்தது. அது கைமாறி வந்த பம்ப் அல்ல, அவருடைய சொந்தப் பம்ப். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி எடுத்திருந்தார்கள். இதன் பிறகு, 2017இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பம்பைச் சுத்தம் செய்யும் முறையை விரிவாக வெளியிட்டது.

சொந்தப் பம்பிலேயே கிருமி வந்ததென்றால் பழையதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழையது என்பதாலேயே ஒரு பொருள் நோய் தருவதில்லை. ஈரத்தோடும் பால் எச்சத்தோடும் கிடப்பதுதான் தருகிறது. சொந்தப் பம்பில் கழுவக்கூடிய பாகம் கழுவாமல் போனதற்கே இவ்வளவு விளைவென்றால், கழுவவே முடியாத பாகம் கொண்ட பழைய பம்பை எப்படி ஏற்பது?

‘அக்காவுடையதுதானே!’

நெருங்கிய சொந்தம் என்பது அன்புக்குச் சான்று, கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகாது. எச்.ஐ.வி., சைட்டோமெகலோ ஆகிய வைரஸ்கள் தாய்ப்பாலில் வெளிப்படக்கூடியவை. சைட்டோமெகலோ இந்தியப் பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் தொற்றியிருக்கும். குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு அது ஆபத்தாகலாம். இதில் அக்காவைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. அரசு மருத்துவமனைகளின் தாய்ப்பால் வங்கிகளில்கூட, பால் தருபவரின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரே பம்பைப் பல தாய்மார் பயன்படுத்துகிறார்களே என்பார்கள். அது பலர் பயன்பாட்டுக்கென்றே தடுப்போடு செய்யப்பட்டது; புனல், பாட்டில், குழாய் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனி. டெட்டால் போட்டுத் துடைத்தால் போதாதா என்றால், துடைக்கும் கை மோட்டாருக்குள் போவதில்லை. இன்னொன்றும் உண்டு. உழைத்துத் தேய்ந்த மோட்டாரின் உறிஞ்சுவிசை குறைந்துவிடும். பால் முழுதாக வெளியேறாமல் மார்பு கட்டிக்கொள்ளும். நாளடைவில் சுரப்பும் குறையும். தனக்குப் பால் பற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தத் தாய் பவுடர் பாலுக்குப் போய்விடக்கூடும்.

ஏற்பதாக இருந்தால்

கையால் அழுத்தும் பம்பில் மோட்டார் இல்லை. விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் ஒருவருக்கானதுதான். ஆனால் எல்லாப் பாகமும் கழன்று, பிளாஸ்டிக்கில் கீறலோ விரிசலோ இல்லாமல், சிலிகான் வால்வும் சவ்வும் புதிதாகக் கிடைத்தால் ஆபத்து மிகக் குறைவு. புதிய கைப்பம்பே சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் அதுதான் நிம்மதி. குறைமாதக் குழந்தைக்குப் பழையதே வேண்டாம். பலர் பயன்பாட்டுக்கான குளோஸ்டு சிஸ்டம் பம்ப் என்றால், மோட்டாரைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். சிறு கண்ணாடிக் குழலில் ரப்பர் பந்து பொருத்திய பம்பைப் பழையதோ புதியதோ தொடாதீர்கள். பந்துக்குள் போன பாலைச் சுத்தமாக எடுக்க முடியாது.

எந்தப் பம்பானாலும் பயன்படுத்தியவுடன் பாகங்களைக் கழற்றி அலசி, இதற்கென்று வைத்த பாத்திரத்தில், இதற்கென்று வைத்த பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். பாத்திரம் விளக்கும் தொட்டியில் போடக் கூடாது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை நாளுக்கு ஒரு முறையாவது, தண்ணீர் கொதி வந்த பின் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கும் இது அதற்குப் பிறகும் தொடர வேண்டும். முந்தானையாலோ துண்டாலோ துடைக்காமல் காற்றில் உலரவிட்டு, ஈரம் போன பிறகே மூடி வையுங்கள்.

பம்ப் இல்லாமலும் வழி உண்டு

கையை நன்றாகக் கழுவிவிட்டு, கொதிக்கவைத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையால் புகட்டலாம். செலவே இல்லாத முறை இது. கழுவ வேண்டியதும் கையும் கிண்ணமும் பாலாடையும்தான். கிராம சுகாதார செவிலியரிடமோ பெரியகுளம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கேட்டால் செய்துகாட்டுவார்கள். ஒருவர் பயன்பாட்டுக்கான பழைய மோட்டார் பம்பை யாராவது அன்போடு நீட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளைகாப்புக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசிக்கும் உறவினர்களே, இன்னொரு சட்டைக்குப் பதில் ஒரு புதிய கைப்பம்ப் வாங்கிக் கொடுங்கள்.