கண்ணுக்குத் தப்பும் வேகம்

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் சாலையைக் கடக்க நிற்பவர் எவரும் சைக்கிளைக் கண்டு தயங்குவதில்லை. சிதம்பரம் பக்கமிருந்து வரும் பேருந்துக்கும், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்கும், கும்பகோணம் சாலையில் பறக்கும் காருக்கும் நின்று வழிவிடுகிறவர், சைக்கிள் வந்தால் மட்டும் ‘அது வருவதற்குள் போய்விடலாம்’ என்று இறங்கிவிடுவார். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பால்கேன் மாட்டிய சைக்கிளும், புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் மணிக்கு 12, 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகிறார்கள். விநாடிக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர். சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து இந்த வேகம் கண்ணில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தொழில்முறைப் பந்தய வீரர்கள் சமதளத்தில் 45 கி.மீ. வேகத்தில் போகிறார்கள். முடிவுக்கோட்டை நெருங்கும்போது அது 60-ஐத் தாண்டும். மலை இறக்கத்தில் 80-ஐயும் தாண்டும். உருவம் மட்டும் அதே இரண்டு சக்கரம், அதே ஹேண்டில்பார். எஞ்சின் சத்தமும் கிடையாது. சாலையோரம் நிற்பவர்களால் பந்தய வீரர்களுக்கு நேரும் விபத்துகளில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை, கண் போடும் இந்தத் தப்புக் கணக்கால்தான் நேர்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இது சரியென்றால், தீர்வையும் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூன் 26 அன்று டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாள். பிரெஸ்ட் நகரிலிருந்து லாண்டெர்னோ போகும் வழியில் ஒரு பெண், தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையைச் சாலைக்குள் நீட்டிக்கொண்டு நின்றார். ஜெர்மன் வீரர் டோனி மார்ட்டின் அதில் மோதி விழ, அவர்மேல் டஜன் கணக்கான வீரர்கள் விழுந்தார்கள். ஸ்பெயினின் மார்க் சோலெருக்கு இரு கைகளிலும் எலும்பு முறிவு. படத்தை நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெரியும்: அந்தப் பெண்ணின் முகம் வீரர்கள் வரும் திசையில் இல்லை. முன்னால் போன தொலைக்காட்சி கேமரா வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே பந்தயத்தில் 1994-இல் அர்மாந்தியேர் நகரில், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் தடுப்பிலிருந்து தள்ளி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர் மீது வில்ஃப்ரீட் நெலிசென் மோதினார். பின்னால் வந்த லோரான் ஜாலபெருக்குப் பல்லும் முக எலும்பும் உடைந்தன. படம் எடுத்தவர் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்! 1999-இல் ஆல்ப் துயெஸ் மலைச் சாலையின் நடுவே கேமராவோடு நின்ற ரசிகர் ஒருவர் இத்தாலியின் ஜுசெப்பே குவெரினியை இடித்துத் தள்ளினார். நல்லவேளையாக குவெரினி எழுந்து ஓட்டி அன்றைய ஓட்டத்தில் வெற்றியும் பெற்றார். அதே மலையில் 2018-இல் ஒரு பார்வையாளரின் கேமரா வார் வின்சென்சோ நிபாலியின் ஹேண்டில்பாரில் சிக்க, முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு அவர் பந்தயத்தை விட்டே விலகினார். பேத்தி, போலீஸ்காரர், ரசிகர் என எவருக்கும் வீரர்கள் மேல் பகையில்லை. அட்டை, கேமரா, வார் என்று ஏதோ ஒரு பொருள் இடையில் இருந்தது. வீரர் இன்னும் தூரத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? எதிரே நேராக வரும் பொருளின் வேகத்தை நம் கண் நேரடியாக அளப்பதில்லை. விழித்திரையில் அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே மூளை ஊகிக்கிறது. பந்தய வீரரின் தோள் அகலம் சுமார் 45 செ.மீ. அவர் 100 மீட்டர் தள்ளி வரும்போது நம் கண்ணுக்கு முழுநிலவின் பாதி அகலம்தான். 60 கி.மீ. வேகத்தில் வருகிறார் என்றால் நம்மை எட்ட ஆறு விநாடி. மூன்று விநாடி கழித்து, 50 மீட்டரில், முழுநிலவின் அகலம் ஆகிறார். மூன்று விநாடியில் அரைநிலவு ஒரு நிலவாவதைக் கண் பெரிதாகப் பொருட்படுத்தாது. எட்ட ஒரே ஒரு விநாடி இருக்கும்போதுகூட, கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு மேல் அவர் இல்லை. அதன்பிறகுதான் உருவம் திடீரென ஊதிப் பெருக்கிறது. ஆபத்தைக் கண்டு உடல் அசையத் தொடங்கவே அரை விநாடிக்கு மேல் போய்விடும். காலை எடுத்துப் பின்னே வைக்க இன்னும் நேரம் வேண்டும். பேருந்தும் லாரியும் அகலமானவை, அதனால் முன்கூட்டியே பெரிதாகி எச்சரிக்கின்றன. சைக்கிள் ஒல்லியானது, அதனால் கடைசிவரை ஏமாற்றுகிறது. பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளால் மணிக்கு சுமார் 32 கி.மீ.க்கு மேல் வரும் வாகனம் நெருங்குவதை நம்பகமாக உணர முடியவில்லை என்று கண்டார்கள். அது காரை வைத்துச் செய்த ஆய்வு. இத்தனைக்கும் நடுவே செல்போன் திரை வழியாகப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். அதன் அகலக்கோண லென்ஸ் எல்லாவற்றையும் இருப்பதைவிடத் தூரமாகக் காட்டும்.

ஒருவர் விழுந்தால் ஏன் ஐம்பது பேர் விழுகிறார்கள் என்ற கேள்விக்கும் இயற்பியலில் விடை இருக்கிறது. வேகமாக ஓட்டும் வீரர் தன் சக்தியில் பெரும்பகுதியைக் காற்றைக் கிழிக்கவே செலவிடுகிறார். காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018-இல் 121 வீரர் கொண்ட திரளை ஆராய்ந்தபோது, திரளின் நடுவயிற்றில் ஓட்டுபவருக்குக் காற்றின் தடை, தனியாக ஓட்டும்போது இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. இந்த லாபத்துக்காகவே முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் தன் முன்சக்கரத்துக்கும் ஒரு முழம் மட்டும் இடைவெளி விட்டு ஓட்டுகிறார்கள். 45 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 12.5 மீட்டர் ஓடும் கூட்டத்தில் ஒரு முழம் என்பது பிரேக் பிடிக்கப் போதாது, பார்ப்பதற்கே போதாது. ஹேண்டில்பாரின் நுனி நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதால் அது ஒரு நெம்புகோல். ஒரு பை வாரோ, நீட்டிய கையோ அங்கே லேசாக மாட்டினாலும் முன்சக்கரம் குறுக்கே திரும்பிவிடும். சைக்கிள் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். அந்த நேரத்தில் அவர் உடலில் இருக்கும் இயக்க ஆற்றல், 45 கி.மீ. வேகத்தில் எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுபவருக்குச் சமம். 60 கி.மீ. என்றால் 14 மீட்டர், நான்கு மாடிக்கும் மேல். அத்தனையும் ஒரே இடியாகத் தாக்குவதில்லை. தார்ச்சாலையில் சறுக்கித் தேய்ந்து கொஞ்சம் கழியும், தோலை உரித்துக்கொண்டு. ஹெல்மெட் இருக்கிறதே என்பார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் சாமானை வைக்கோலில் பொதிந்து கட்டுவதும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரையும் ஒரே தத்துவம்தான்: தான் நசுங்கி, மோதல் நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது. ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் மோதவிடும் வேகம் மணிக்கு 20 கி.மீ. கூட இல்லை.

விழாமல் போனாலும் உடம்புக்கு வரும் கேடு உண்டு. இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். முழு மூச்சாக மிதிக்கும் வீரர் 150 லிட்டர் வரை இழுக்கிறார். அதுவும் வாய் வழியாக. தூசியை வடிகட்டும் மூக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் ரசிகர்கள் கொளுத்தும் வண்ணப் புகைக்குச்சிகளின் புகை நேராக நுரையீரலின் அடிவரை போகிறது. நம் ஊரில் உற்சாகம் என்றால் சரவெடி, வண்ணப்பொடி, கூடவே பைக்கில் புகை கக்கிக்கொண்டு துரத்துவது. ரேக்ளா பந்தயத்தில் பழகிய அதே பழக்கம். முகத்துக்கு நேரே வந்து கத்தி உற்சாகமூட்டுபவரின் எச்சில் துளியும் அந்த 150 லிட்டரில் அடக்கம். மூன்று வாரம் ஓடும் பந்தயத்தில் ஒரு தொற்று வந்தால் ஓராண்டு உழைப்பு போகும். 2023 இத்தாலியப் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த ரெம்கோ எவெனெபூலுக்கு, தனிநபர் நேரப் போட்டியில் வென்ற அன்றே கொரோனா உறுதியாகி வீடு திரும்ப வேண்டியிருந்தது. அது யாரிடமிருந்து தொற்றியது என்று எவராலும் சொல்ல முடியாது, பார்வையாளர் மேல் பழி போடவும் முடியாது. ஆனால் இந்த அச்சத்தால்தான் 2024 டூர் தெ பிரான்ஸில் வீரர்களை நெருங்குபவர்கள் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி நடுவழியில் திரும்ப வந்தது. வெயிலில் வாடி வருபவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது நீர்மோர்ப் பந்தல் போட்டுப் பழகிய மண்ணின் நல்ல குணம். ஓடும் சைக்கிளுக்கு நீட்டும் சொம்பு மட்டும் ஆபத்து. அந்த மோரை முடிவுக்கோட்டுக்கு அப்பால் வைத்துக் கொடுக்கலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தடுப்பு போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். டூர் தெ பிரான்ஸின் நீளம் ஏறக்குறைய 3,400 கி.மீ. இரு பக்கமும் வேலி போட எந்த அரசாலும் முடியாது. முடிவுக்கோட்டை ஒட்டிய தூரத்துக்குத்தான் போடுகிறார்கள். அந்தத் தடுப்பும் சரியாக அமையாவிட்டால் அதுவே எமனாகிவிடும். 2020 ஆகஸ்டில் போலந்தின் கட்டோவீட்சே நகரில் தடுப்பின் மேல் தூக்கி எறியப்பட்ட ஃபாபியோ யாகோப்சனைக் கோமாவில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். சரி, கடுமையாகத் தண்டித்தால்? அட்டை நீட்டிய பெண்ணுக்கு 2021 டிசம்பரில் நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் விதித்தது. உலகமே அந்தச் செய்தியைப் படித்தது. 2023 ஜூலையில் அதே பந்தயத்தில் செல்போனோடு கையை நீட்டிய ஒருவர் மீது செப் குஸ் மோதி, பெரும் குவியலாக வீரர்கள் விழுந்தார்கள். தெரிந்தே செய்பவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். 2025 பாரி-ரூபே பந்தயத்தில் மத்தியூ வான்டர்பூல் முகத்தில் தண்ணீர் பாட்டிலை எறிந்தவருக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆனால் தான் செய்வது ஆபத்து என்றே உணராதவரைத் தண்டனையின் பயம் எப்படித் தடுக்கும்?

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. பந்தய விபத்துகளில் பெரும்பாலானவை வீரர்கள் ஒருவரோடொருவர் உரசுவதாலும், குறுகிய சாலை, குழி, ஈரத்தாலும்தான் நேர்கின்றன, பார்வையாளர் பங்கு சிறியது என்பார்கள். உண்மைதான். 2026 ஜனவரியில் புனே மாவட்டச் சாலைகளில் நடந்த சர்வதேசப் பல நாள் பந்தயத்தின் முதல் கட்டத்திலும், குறுகிய சாலையில்தான் வீரர்கள் குவியலாக விழுந்தார்கள். ஆனாலும் உரசலும் மழையும் வீரர் தெரிந்து ஏற்ற ஆபத்துகள், அதற்கென்றே பயிற்சி எடுத்திருக்கிறார். சாலைக்குள் நீளும் கைக்குப் பயிற்சி கிடையாது. சாலையை அகலப்படுத்தக் கோடிகள் வேண்டும். ஓர் அடி பின்னால் நிற்கச் செலவே இல்லை. குறைந்த செலவில் தடுக்கக்கூடியதை முதலில் தடுப்பதுதானே முறை?

அதற்கு, கண்ணை நம்பாதே என்று கற்பிப்பதே வழி. அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் 10 முதல் 20 கி.மீ. ஓட்டுகிறார்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான், தொழில்முறை வேகமும் இல்லை. ஆனால் கடலூர் மாவட்டத்துச் சாலையோரத்தில் வழக்கமான சைக்கிளைவிட இருமடங்கு வேகத்தில் பிள்ளைகள் வரப்போகும் நாள் அது. பாடம் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடையாது. போட்டிக்கு முன்பு ஒரு சைக்கிளை 15 கி.மீ. வேகத்திலும், பிறகு 35 கி.மீ. வேகத்திலும் ஓட்டிக் காட்டி, எப்போது ஒதுங்குவீர்கள் என்று கூடியிருப்பவர்களைக் கைதட்டச் சொன்னால் போதும். கண் எவ்வளவு பிந்துகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பந்தயம் போகும் சாலையில் காயப்போட்ட நெல்லையும் உளுந்தஞ்செடியையும் முதல்நாளே வாரிவிட வேண்டும். சக்கரத்தின் கீழே சிதறிய மணி குண்டுமணிபோல் உருளும்.

உங்கள் ஊர் வழியே பந்தயம் வந்தால் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துப்போங்கள். ஆளில்லாத சாலையில் ஓட்ட எந்த வீரரும் விரும்புவதில்லை. வளைவின் வெளிப்பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள், தடுமாறும் சைக்கிள் அந்தப் பக்கம்தான் பாயும். தார் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, செல்போனைப் பையில் போட்டுவிட்டு, வீரர்கள் வரும் திசையைப் பாருங்கள். முதல் கூட்டம் போனதும் முடிந்துவிட்டதென்று சாலையில் இறங்கிவிடாதீர்கள். பின்தங்கியவர்கள் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள். பந்தயத்தின் கடைசி வண்டி கடந்துபோகும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள்.