சும்மா ஒரு கையெழுத்து
குன்னம் பக்கம் மக்காச்சோளம், பருத்தி போடுற வீடுகள்ல இது சகஜம். மாமா பையன் பைக் லோன் எடுப்பான், "சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்து மாப்ள" என்பான்.

சும்மா இல்லீங்க! 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. அவன் தவணை கட்டலைன்னா வங்கி நேரா உங்ககிட்டயே வரலாம். உங்க சிபில் ஸ்கோரும் இறங்கும்.

நான் "பார்க்கலாம்டா"ன்னு ஒரு வாரம் இழுத்தேன். அவன் நம்பிக் காத்திருந்தான். கோபம் அதுக்குத்தான், மறுத்ததுக்கு இல்லை.

முதல் நாளே சொல்லிடுங்க: "கையெழுத்து முடியாதுடா. முன்பணத்துக்கு ரெண்டாயிரம் தர்றேன், திருப்பித் தர வேணாம்." அத்தைகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க, அவன் சொல்றதுக்கு முன்னாடி.