குளிர்காலத்தில் வெளிப்புறப் பான யந்திரங்கள் உறையாது காத்தல்

ஜப்பானின் வடபகுதியிலுள்ள ஹொக்கைடோ தீவில், தெருவோரங்களிலும் ரயில் நிலைய வாயில்களிலும், காசு போட்டால் பானம் தரும் தானியங்கி யந்திரங்கள் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்கின்றன. அத்தீவின் தலைநகரான சப்போரோவில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் ஆகும். அதே தீவின் அசாஹிகாவா நகரில் 1902ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் பூஜ்யத்திற்குக் கீழ் 41 டிகிரி பதிவாயிற்று. பானத்தைக் குளிர்விப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஒரு யந்திரம், இத்தகைய இடங்களில் அதற்கு நேர்மாறான கடமையை மேற்கொள்ள வேண்டியதாகிறது. அக்கடமை எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை அறிவது, நம் நாட்டின் இமயமலைப் பகுதிகளில் பணியாற்றுவோருக்கும் பயன் தரும்.

உறைதலால் விளையும் கேடு

நீர் பனிக்கட்டியாக மாறும்பொழுது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகுகிறது. மூடிய டப்பாவில் இப்பெருக்கத்திற்கு இடமில்லை. சோடா வகைப் பானங்களில் வேறொரு தொல்லையும் உண்டு. பனிக்கட்டி தன்னுள் கரியமில வாயுவை ஏற்பதில்லை. ஆகவே வெளியேறும் வாயு டப்பாவின் மேற்பகுதியில் நெருங்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. முதலில் டப்பாவின் குழிந்த அடிப்பாகம் வெளியே புடைக்கும். பின்னர் டப்பா பிளக்கும். சிந்திய சர்க்கரைப் பாகு யந்திரத்தின் உறுப்புக்களில் ஒட்டி அவற்றை இயங்கவிடாமற் செய்யும்.

பானத்தில் கரைந்துள்ள சர்க்கரை உறைதலைத் தடுக்காதா என்ற ஐயம் எழலாம். கரைபொருளின் அளவுக்கேற்ப உறைநிலை தாழும் என்பதைச் சார்லஸ் பிளாக்டன் 1788ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஆயினும் ஒரு கிலோகிராம் நீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை ஏறத்தாழ அரை டிகிரியே தாழும். சர்க்கரைக்கு மாற்றாகச் செயற்கை இனிப்பைச் சிறிதளவே சேர்த்த பானங்களுக்கு இச்சிறு பாதுகாப்பும் இல்லை. ஆகவே அவை முதலில் உறைகின்றன.

குளிர்ப்பெட்டியின் எல்லை

பெட்டியினுள் வெப்பநிலை குறித்த அளவிற்கு மேற்சென்றால், வெப்பநிலைச் சீராக்கி மின்சாரத்தை இணைத்துக் குளிர்விக்கும் பொறியை இயக்கும். அளவு தாழ்ந்ததும் அதனை நிறுத்தும். அதன் அதிகாரம் இவ்வளவே. வெளிக் குளிரினால் உட்புறம் பூஜ்யத்தை நோக்கி இறங்கும்பொழுது பொறி ஏற்கனவே நின்றிருக்கும். அதற்கு மேல் சீராக்கியால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பலர் அதன் திருகைச் சற்று அதிக வெப்பநிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, பானம் காப்பாற்றப்பட்டதாக எண்ணுகின்றனர். இது பிழை. நிற்கும் பொறியை இன்னும் சற்று முன்னதாக நிற்கச் செய்வதே அதன் விளைவு. குளிர்ப்பெட்டிக்குக் குளிர்விக்கத் தெரியுமேயன்றிச் சூடேற்றத் தெரியாது.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 330 மில்லி லிட்டர் கொள்ளும் 400 டப்பாக்கள் ஒரு யந்திரத்தில் உள்ளன எனக் கொள்வோம். பானத்தின் எடை ஏறத்தாழ 130 கிலோகிராம். யந்திரச் சுவர்களின் பரப்பு 6 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும், ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு 0.8 வாட் வெப்பம் கசிகிறது என்க. உள்ளே 3 டிகிரியும் வெளியே பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரியும் இருப்பின் வேறுபாடு 18 டிகிரி. கசிவு ஏறத்தாழ 86 வாட். அதாவது, 100 வாட் ஆற்றலுள்ள ஒரு சிறு வெப்பமூட்டி இக்கசிவை ஈடு செய்யும்.

மின்சாரம் தடைப்பட்டால் நேர்வது யாது? 86 வாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 74 கிலோ கலோரி. 130 கிலோகிராம் பானம் 3 டிகிரியிலிருந்து பூஜ்யத்தை அடைய 390 கிலோ கலோரியை இழந்தால் போதும். ஐந்து மணி நேரத்திற்குச் சற்று மேல் சென்றதும் உறைநிலை எட்டிவிடும். ஆனால் உறைதல் உடனே முற்றுப் பெறாது. நீர் உறையும்பொழுது கிலோகிராமுக்கு 80 கிலோ கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். இவ்வுண்மையை ஜோசப் பிளாக் 1760ஆம் ஆண்டுகளில் விளக்கினார். இக்கணக்குப்படி முழுச் சரக்கும் உறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். எனினும் சுவரையும் மூலைகளையும் ஒட்டிய டப்பாக்கள் அவ்வளவு காலம் தாங்கா. கேடு விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் பரவும்.

இக்கணக்கிலிருந்து பிறிதொன்றும் விளங்கும். வெப்பக் காப்பு குளிர் புகும் வேகத்தைத் தணிக்குமேயன்றி, தானாக வெப்பத்தை உண்டாக்காது. காப்பும் வெப்பமூட்டியும் ஒருங்கே வேண்டும்.

சாதனங்களை அமைக்கும் முறை

வெப்பமூட்டி யந்திரத்தின் அடிப்பகுதியில், விசிறிக் காற்று செல்லும் வழியில் அமைதல் வேண்டும். அதற்கெனத் தனிச் சீராக்கி ஒன்று தேவை. அது 2 டிகிரி அளவில் இணைந்து 4 டிகிரி அளவில் துண்டிக்குமாறு வைக்கலாம். குளிர்விக்கும் பொறி தொடங்கும் அளவு இதனினும் தெளிவாக உயர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்று சூடேற்ற, மற்றொன்று குளிர்விக்க, மின்சாரம் வீணாகும். மூலைகளுக்கும் வெப்பம் எட்டும்பொருட்டு, விசிறி இடைவிடாது சுழல வேண்டும். மிகுவெப்பத்தில் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் சரியான நில இணைப்பும் இன்றியமையாதன. அறைக்கான அடுப்பையோ மூடியற்ற பல்பையோ உள்ளே வைப்பது தீ விபத்திற்கு வழிகோலும்.

பழைய யந்திரங்களின் குழல் விளக்குகள் ஓரளவு வெப்பம் தந்து வந்தன. அவற்றை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றுவோர், அவ்வெப்பம் குறைந்துவிடும் என்பதைக் குளிர்காலத்திற்கு முன்னரே கணக்கிற்கொள்ள வேண்டும்.

காற்றும் திறந்த வானமும்

வீசும் காற்று ஒரு டப்பாவைச் சூழ்ந்துள்ள காற்றின் வெப்பநிலைக்கும் கீழே குளிர்விக்காது. ஆனால் அந்த வெப்பநிலையை விரைவில் அடையச் செய்யும். கதவின் இடுக்குகள் வழியாகவும், பானம் விழும் வாயில் வழியாகவும் உள்ளே புகும். ஆகவே யந்திரத்தைக் காற்று மறைவில் சுவரை ஒட்டி நிறுத்துவதும், கதவின் ரப்பர் விளிம்பைப் பழுதின்றி வைப்பதும் நலம். தெளிந்த இரவில் வானை நோக்கிய பரப்பு கதிர்வீசலால் வெப்பம் இழந்து, காற்றினும் சற்றுக் குளிரும். இதற்கு ஒரு சிறு கூரையே போதிய காப்பு.

வகுப்பறைச் சோதனை

ஒரு வாளியில் மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டியும் ஒரு பங்கு உப்பும் கலக்குக. இரு சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் ஒன்றில் வெறும் நீரையும் மற்றொன்றில் அடர்ந்த சர்க்கரைக் கரைசலையும் முக்கால் பங்கு நிரப்பி, கலவையில் வைக்க. வெறும் நீர் முன்னதாக உறைவதை மாணவர் காண்பர். மூன்றாவது குப்பியைத் துணியால் சுற்றி வைத்தால், அது தாமதமாயினும் இறுதியில் உறைவதும் புலப்படும். கண்ணாடிக் குப்பி வெடிக்கக்கூடுமாதலின் அதனைப் பயன்படுத்தலாகாது.

மருந்துப் பெட்டிக்கும் இதே விதி

பானம் உறைந்தால் நேர்வது பண நட்டமே. தடுப்பூசி மருந்து உறைந்தால் நேர்வது அதனினும் பெரிது. முக்கூட்டுத் தடுப்பூசி, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி முதலிய அலுமினிய உப்புக் கலந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரி வரையில் வைக்கப்பட வேண்டியவை. அவை ஒருமுறை உறைந்தால் வீரியம் இழக்கும். பின்னர் உருகினாலும் அது மீளாது. லடாக் போன்ற பகுதிகளில், சூடேற்றப்படாத அறையில் நிற்கும் குளிர்ப்பெட்டி, மேலே கூறிய பான யந்திரத்தின் நிலையிலேயே இருக்கிறது. பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு களப்பணியாளர் அமையலாகாது. உள்ளேயுள்ள வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்தல் வேண்டும். அறை பூஜ்யத்தை நெருங்குமாயின் அறைக்கே வெப்பம் ஊட்டுவதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்தல் வேண்டும். குளிர்காலத்தில் பெட்டி ஓசையின்றி நிற்பது மருந்து பத்திரமாக உள்ளது என்பதற்கு அடையாளமன்று.